இரண்டு கோட்டைகளும் ஒரு கைகுலுக்கலும்

எங்கள் திணைக்களத்தின் விளையாட்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, போன மாதம் இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் களுதாவளைக்கு என் வீடு தேடி வந்தார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஓய்வுபெற்றவனைப் பார்க்கப் போகும்போது வாழைப்பழம் கொண்டு போகவேண்டும் என்று எங்கோ சுற்றறிக்கை இருக்கிறது போல.

"சேர், இந்த வருசத்தில இருந்து சதுரங்கப் போட்டி முழுக்கக் கைபேசியிலதான். சோடி சேர்க்கிறது, நேரம் பாக்கிறது, தீர்ப்புச் சொல்றது எல்லாம் அதுவே செய்யும்" என்றார் ஒருவர்.

"அப்ப நடுவர்?"

"நடுவர் தேவல்ல சேர். அதனாலதான் ஒங்கட அனுபவத்த எழுதி எடுக்க வந்த நாங்க."

பதினேழு வருடம் அந்தப் போட்டிக்கு நடுவராக இருந்தவனிடம், இனி நடுவர் தேவையில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: 'காயைப் பலி கொடுத்து வழி திறத்தல்'. அந்த விசயத்தில் என்னைவிட அனுபவசாலி மாவட்டத்தில் இல்லையாம். என்னைப் பற்றி அலுவலகத்தில் ஒரு கதை உலாவுவது எனக்கும் தெரியும். அந்தக் கதையில் நான் மிகவும் நல்லவன். ஆகவே அதைத் திருத்தவேண்டிய கடமை எனக்கிருக்கிறது.

முதலில் தலைப்பை முடித்துவிடுகிறேன். சதுரங்கத்தில் சிலவேளை உங்கள் ராணி போகவேண்டிய வழியை எதிரி அடைப்பதில்லை. உங்கள் காயே அடைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சும்மா ஒதுக்கிவைக்க நேரமில்லை. ஒரு நகர்த்தல் வீணானால் எதிரி சுதாரித்துக்கொள்வான். ஆகவே அந்தக் காயைக் கொண்டுபோய் அவனுடைய ராஜாவுக்கு முன்னால் 'செக்' சொல்லிப் போட்டுவிட வேண்டும். அவன் அதை எடுத்தே ஆகவேண்டும். எடுத்த கையோடு வழி திறந்துவிடும். அவ்வளவுதான். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவனுக்கு, ஒருவரைத் தூக்கி எறிந்தால் இன்னொருவருக்கு வழி திறக்கும் என்பது புதிய செய்தி அல்ல.

நான் நடுவரான கதையும் அப்படிப்பட்டதுதான். நான் ஒரு முகாமைத்துவ உதவியாளர், கடிதங்களைக் கோவைகளில் கட்டிவைக்கிறவன். நடுவர் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பும்படி கடிதம் வந்த அன்று எல்லோரும் கள வேலைக்குப் போயிருந்தார்கள், அல்லது போனதாகப் பதிந்திருந்தார்கள். கதிரையில் இருந்தவன் நான் ஒருவன். பயிற்சி இரண்டு நாள். முதல் நாள் விதிகள், இரண்டாம் நாள் புரியாணியும் சான்றிதழும். விதிப்புத்தகம் ஒன்றும் தந்தார்கள். மேசையில் காற்றுக்குத் தாள்கள் பறக்காமல் இருக்க அது நெடுங்காலம் உதவியது.

உண்மையான பயிற்சி, பிரதிப் பணிப்பாளர் எங்கள் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு வந்தபிறகுதான் கிடைத்தது. அவருடைய பெயர் வேண்டாம். அவருக்கும் ஓய்வூதியம் வருகிறது, எனக்கும் வருகிறது, இருவரும் நிம்மதியாக இருப்போம். அவர் சதுரங்கப் பிரியர். வந்த வருடமே சம்பியன் ஆனார். அடுத்த வருடமும் ஆனார். எட்டு வருடம் தொடர்ந்து ஆனார். அலுவலகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

அவர் விளையாடுவதைப் பார்க்கவேண்டும். வெள்ளை நீளக்கைச் சட்டை, சொந்தமாகக் கொண்டுவரும் ஒரு மெத்தை, கதிரையில் அதைப் போட்டு இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அமர்வார். எதிராளியின் காயை எடுக்கும்போது உடனே கீழே வைக்கமாட்டார். விரலிடையில் உயர்த்திப் பிடித்து, அதன் முகத்தைக் கனிவோடு பார்த்து, "பாவம்" என்பார். பிறகு தன் பக்கத்தில் வரிசையாக அடுக்குவார். போதிய அளவு பாவங்கள் சேர்ந்ததும் கடிகாரத்தை நிறுத்தி, எழுந்து, கையை நீட்டி, "நல்லா விளையாடின நீங்க" என்பார். எதிராளியும் உடனே எழுந்துவிடுவார். பிரதிப் பணிப்பாளர் நிற்கும்போது நாம் கதிரையில் இருப்பதாவது! நீட்டிய கையைத் தொங்கவிடுவதாவது! கை குலுக்கியாயிற்று, கைதட்டியாயிற்று, ஆட்டம் முடிந்தது. எட்டு வருடத்தில் அவருடைய ஆட்டம் ஒன்றாவது பலகையில் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. ராஜா பிடிபடும்வரை காத்திருக்கும் அளவுக்கு யாருக்கும் பொழுது இருக்கவில்லை.

என் பங்கையும் மறைக்கக்கூடாது. சோடி சேர்க்கும் சீட்டுகளை ஒரு பிஸ்கட் தகரப் பேணியில் போட்டுக் குலுக்குவது நான். பிரதிப் பணிப்பாளர் சேருடைய சீட்டை மட்டும் நான்காய் மடிப்பேன், மற்றவற்றை இரண்டாய் மடிப்பேன். விரலுக்குத் தெரியும். நன்றாக விளையாடும் ஒரே மனிதர் ஏறாவூர் களஞ்சியப் பொறுப்பாளர் நசீர் நானா. அவரை எப்போதும் சேருடன் அரையிறுதியில் மோதவிடுவேன். நசீர் நானா தோற்பதில் தேர்ந்தவர். புதிதாக வந்தவர்களுக்கு அவர் வகுப்பே எடுப்பார்.

"ராணியச் சும்மா தூக்கிக் குடுத்தா சேருக்குக் கோவம் வரும். அவர் மினக்கெட்டு எடுத்த மாதிரி இரிக்கணும். ஆகக் கெதியாத் தோத்தா அவமரியாத, ஆகப் பிந்தித் தோத்தா அகங்காரம்."

இப்படி எல்லாம் சீராக நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது வருடம் போட்டித் தொடக்க விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவருக்கு முன்னால் எங்கள் சேருக்குக் கொடைக்குணம் பொங்கிவிட்டது. ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்த முறை சம்பியனா வாறவர் கேக்கிற இடமாற்றத்த நான் கையெழுத்து வைச்சுத் தருவன்" என்று அறிவித்தார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். சம்பியன் யார் என்பது தெரிந்த விசயம், அவர் தனக்கே இடமாற்றம் கேட்கப்போவதில்லை. செலவில்லாத வள்ளன்மை.

ஆனால் அந்த அறிவிப்பை ஒருத்தி உண்மை என்று எடுத்துக்கொண்டாள். வாகரை உப அலுவலகத்தில் வேலைசெய்த யோகமலர். வீடு குருக்கள்மடத்தில். புருசன் தச்சு வேலை, நாலு வயதில் ஒரு மகள். குருக்கள்மடத்திலிருந்து வாகரைக்குத் தினமும் போய்வருவது என்றால் ஒரு நாளின் பாதியை பஸ்ஸுக்கே கொடுக்கவேண்டும். ஆகவே வாகரையில் ஒரு அறை எடுத்திருந்தாள். வெள்ளி மாலை வீடு, ஞாயிறு திரும்பவும் வாகரை. ஆறு வருடம். பிள்ளை பிறந்து விடுமுறை முடிந்ததும் அதே வாகரை. இடமாற்றம் கேட்டு மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்றுக்கும் ஒரே பதில்: 'நகரில் வெற்றிடம் ஏற்பட்டு, வாகரைக்குப் பதிலாள் கிடைக்கும்போது பரிசீலிக்கப்படும்.' அந்தப் பதில்களைத் தட்டச்சு செய்தவன் நான். வாகரைக்குத் தானாக யாரும் போகமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், கையெழுத்து வைத்தவருக்கும் தெரியும்.

வாகரையில் பின்னேரங்களில் அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கைபேசியில் முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு சதுரங்கம் விளையாடிப் பழகியிருக்கிறாள். அவர்களில் யாரும் அவளுடைய மேலதிகாரி இல்லை. ஆகவே தோற்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போட்டியில் நான்கு பேரை வென்றாள். நசீர் நானா வழக்கம்போல் சேரிடம் அழகாகத் தோற்றார். இறுதி ஆட்டத்தில் சேருக்கு எதிரில் யோகமலர் அமர்ந்தாள்.

ஆட்டம் தொடங்கி அரை மணிநேரம். நான் உண்மையில் பலகையைப் பார்க்கவில்லை. பரிசுக் கிண்ணத்தில் பெயர் சரியாக வெட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கூட்டியே வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். அப்போது "பாவம்" என்ற குரல் கேட்டது. திரும்பினேன். யோகமலர் தன் கோட்டையைக் கொண்டுபோய் சேருடைய ராஜாவுக்குப் பக்கத்து மூலையில் வைத்திருக்கிறாள். துணைக்கு ஒன்றும் இல்லை. சேர் ராஜாவாலேயே அதை எடுத்துவிட்டார். அடுத்து அவள் இரண்டாவது கோட்டையை அந்தக் கரைக்கு நகர்த்திச் 'செக்' சொன்னாள். ராஜா ஒதுங்கியது. அந்தக் கோட்டையையும் முன்னதைப்போலவே கொண்டுபோய் அதே மூலையில் வைத்தாள்.

"பாவம், பாவம்" என்றார் சேர்.

மண்டபத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது, மரியாதையாக விட்டுக்கொடுக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நசீர் நானா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். சும்மா தூக்கிக் கொடுப்பது அவமரியாதை என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டோமே என்று கவலைப்படுகிறார் என எண்ணினேன். சேருக்கும் மனம் இளகியிருக்கவேண்டும். கடிகாரத்தை நிறுத்தினார், எழுந்தார், கையை நீட்டினார். "நல்லா விளையாடின நீங்க, தங்கச்சி."

யோகமலர் எழுந்தாள். கையைக் கொடுத்தாள். ஆறு வருட உத்தியோகப் பழக்கம், மூளையைக் கேட்காமலே உடம்பு எழுந்துவிடும். கைதட்டல் எழுந்தது. நான் முடிவுத்தாளில் சேருடைய பெயருக்கு நேரே ஒன்று என்று எழுதிவிட்டேன்.

"சேர், இன்னும் ஆட்டம் முடியல்ல. இப்ப என்ட முறை" என்றாள் அவள்.

கைதட்டல் நின்றது. சேர் சிரித்தபடி என்னைப் பார்த்தார். "மிஸ்டர் தவராசா, இவ என்ன சொல்றா?"

அவர் என்னைத் 'தம்பி' என்றால் தேநீர் வரும். 'மிஸ்டர்' என்றால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நான் மேசைக்குப் போனேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாகப் பலகையைப் பார்த்தேன்.

அவளுடைய சிப்பாய் ஒன்று முன்னேறிப்போய் சேருடைய ராஜா தப்பக்கூடிய கட்டங்களைக் காவல் காத்தது. மீதிக் கட்டங்களைச் சேருடைய காய்களே அடைத்திருந்தன. அவளுடைய ராணி அவள் பக்கத்துக் கடைசி வரிசையில் நின்றது. அது வலது மூலைக்கு வந்தால் போதும். வரவிடாமல் இவ்வளவு நேரமும் இடையில் நின்றவை அவளுடைய இரண்டு கோட்டைகள். இரண்டையும் அவள் சேரைக்கொண்டே அப்புறப்படுத்தியிருந்தாள். வழி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. இன்னும் இரண்டு நகர்த்தல். அதைத் தடுக்கச் சேரிடம் ஒன்றும் இல்லை.

கை குலுக்கினால் ஆட்டம் முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். எட்டு வருடம் அப்படித்தான் முடிந்தது. ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஓய்வுக்கு மூன்று வருடம்தான் இருந்தது. ஆனால் யோகமலர் பலகையைப் பார்க்கவில்லை, சேரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று மறுப்புக் கடிதங்களின் அடியிலும் என் சுருக்கொப்பம் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. விதிப்புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். யோசிக்க நேரம் வேண்டியிருந்தது, வேறொன்றுக்கும் இல்லை.

"சேர், தோத்தவர் தோல்விய ஒத்துக்கொள்ளக்குள்ளதான் கடிகாரத்த நிப்பாட்டிக் கையக் குடுக்கிற வழக்கம். இஞ்ச நிப்பாட்டினது நீங்க, முதல்ல கைய நீட்டினதும் நீங்க. நீங்க ஆட்டத்த விட்டிட்டீங்களா, இல்லாட்டி மேல நடத்தட்டா?"

நசீர் நானாவுக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே போனார். சேர் மெத்தையைத் தட்டாமலே அமர்ந்தார்.

"நடத்துங்க" என்றார்.

கடிகாரத்தைப் போட்டேன். ராணி மூலைக்கு வந்தது. ராஜா ஒதுங்கியது. ராணி ராஜாவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. "மாட்" என்று சொன்னவள், அதே மூச்சில் "மன்னிச்சுக்கொள்ளுங்க சேர்" என்றாள். முதல் கை தட்டியவர் யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை, விசாரணை மட்டும் நடந்தது.

சேர் ஒலிவாங்கியில் பேசினார். சொன்ன வாக்கை மீறமாட்டாராம். இடமாற்றம் உண்டாம். "ஆனா நிர்வாக ஒழுங்கு ஒண்டு இரிக்கிதானே. ரவுணில வெற்றிடம் வரணும், வாகரைக்குப் பதிலாள் வரணும். வந்த உடன கையெழுத்து வைப்பன்." நாலாவது மறுப்புக் கடிதம் வாய்மொழியாகவே வந்துவிட்டது. யோகமலர் கிண்ணத்தை, அதில் வெட்டியிருந்த சேருடைய பெயரோடு, வாங்கிக்கொண்டு வாகரைக்கு பஸ் ஏறினாள்.

மறுநாள் சேர் என்னைக் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று அதிக நேரம் துடைத்தார்.

"மிஸ்டர் தவராசா, கைகுலுக்கினதால ஆட்டம் சர்ச்சைக்குரியது, முடிவு இரத்து எண்டு ஒரு அறிக்கை எழுதித் தாங்க."

"சேர், முடிவுத்தாளில ஒப்பம் வைச்சு அறிவித்தல் பலகையிலயும் குத்தியாச்சு. எல்லாரும் ஃபோனில படம் எடுத்திட்டாங்க."

"நான் படத்தக் கேக்கல்ல. அறிக்கையக் கேக்கிறன்."

"ஏலாது சேர்."

இந்த இடத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதாக அலுவலகக் கதை சொல்கிறது. நான் சொன்னது நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மிகவும் மெதுவாக. ஏலாது என்று சொன்னதுகூடக் கொள்கையால் மட்டுமல்ல. ஒப்பம் வைத்த தாளுக்கு எதிராக அறிக்கை எழுதினால் நாளைக்கு மாட்டுப்படுவது நான்தான் என்பதும் ஓடியது.

சேர் கண்ணாடியை மாட்டினார். "ஒங்களுக்கும் ஒரு மாற்றம் நல்லம் போலதான் இரிக்கி. எங்க போக விருப்பம்?"

நான் கெஞ்சினேன். இதை மலரில் தடித்த எழுத்தில் போடுங்கள். கைகட்டி நின்று கெஞ்சினேன். "எங்க எண்டாலும் போடுங்க சேர், வாகரைக்கு மட்டும் வேணாம். முழங்கால் ஏலாது, மனிசி தனிய, தோட்டமும் பாழாப் போயிரும்." அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவருடைய முகம் மலர்ந்தது.

இரண்டு நாளில் கடிதம் தயார். 'சேவையின் அவசியம் கருதி' நான் வாகரை உப அலுவலகத்துக்கு. சேர் பச்சை மையால் கையெழுத்து வைத்தார், தலைமை அலுவலகத்துக்குப் பிரதியும் போய்விட்டது. அந்தக் கோவையை என் மேசையில் ஒழுங்குபடுத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழும்பினால் நகரில் ஒரு கதிரை வெற்றிடம். நான் போய் அமர்ந்தால் வாகரைக்கு ஒரு பதிலாள். இரண்டு நிபந்தனைகளையும் சேர் ஒரே கையெழுத்தில் நிறைவேற்றியிருந்தார். தலைமை அலுவலகத்துப் பெரியவருக்கு முன்னால் கொடுத்த வாக்கு வேறு. யோகமலரின் இடமாற்றக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து உள்ளே கொண்டுபோனேன். அவர் அதை வாசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். 'பாவம்' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. கையெழுத்து வைத்தார்.

வீட்டில் மனைவிக்குச் சொன்னபோது, "ஒங்களுக்கு வாய வைச்சுக்கொண்டு இரிக்க ஏலாதா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை எடுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினாள். முழங்காலுக்குப் பூசும் எண்ணெய்ப் போத்தலை முதலில் வைத்தாள்.

வாகரையில் யோகமலர் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தாள். கதவு, அலுமாரிகளின் திறப்புக்கோர்வை, இறப்பர் முத்திரை, மூன்று கதிரை, அதில் ஒன்றுக்குக் கால் இல்லை. பொறுப்புக் கையளிக்கும் பத்திரமும் எழுதியிருந்தாள். ஒப்பம் மட்டும் வைக்கவில்லை.

"நான் போக மாட்டன் சேர்."

"என்ன கத இது?"

"எனக்காக ஒங்களையே பலி குடுத்திட்டீங்க எண்டு ஒபிஸ் முழுக்கக் கதைக்கிது. நசீர் நானாவும் ஃபோன் எடுத்துச் சொன்னவர். இந்த வயசில ஒங்கள இஞ்ச விட்டிட்டு நான் போய் ஒங்கட கதிரையில எப்படி இரிக்கிற? என்ட புள்ளயத் தூக்கிற நேரமெல்லாம் ஒங்கட ஞாபகம்தான் வரும். கடிதத்த இரத்துச் செய்யச் சொல்லி எழுதிட்டன்." எழுதிய தாளைக் காட்டினாள்.

ஒரு நிமிடம் அந்தப் பெருமையைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் பொருந்தியது. யாரும் என்னை அப்படி நினைத்ததில்லை. ஆனால் அதை நான் வைத்துக்கொண்டால் அவள் வாகரையில் இருப்பாள்.

"இஞ்ச பார் புள்ள, நான் ஒருத்தருக்கும் என்னப் பலி குடுக்கல்ல. வாகரை வேணாம், வாகரை வேணாம் எண்டு அந்தாளுக்கிட்டக் கைகட்டிக் கெஞ்சின நான். கெஞ்சினதாலதான் இஞ்ச போட்டவர். ரவுணில வெற்றிடம் வரும் எண்டது கடிதம் போனதுக்குப் பிறகுதான் எனக்கே விளங்கின. நன்றி சொல்லணும் எண்டா அவருக்குச் சொல்லு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "மெய்யா கெஞ்சின நீங்களா?"

"மெய்யா. அழுகையும் வரப்பாத்த."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அது எந்தக் கண்ணீர் என்று நான் விசாரிக்கவில்லை. எழுதிய தாளைக் கிழித்தாள், பத்திரத்தில் ஒப்பம் வைத்தாள், பையைத் தூக்கினாள். பஸ்ஸுக்கு ஓடும்போது செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இதுதான் நடந்தது. மலர்க் குழுவினர் அந்தப் பழைய கதையை இனி மறந்துவிடலாம். ஆட்டத்தில் காயைக் கொடுத்தவள் யோகமலர். நான் பயத்தில் கொடுபட்ட காய்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் போனதும் சேரிடமிருந்து ஆள் வந்தது. கோபமெல்லாம் தணிந்துவிட்டதாம், என் முழங்காலை நினைத்துக் கவலைப்படுகிறாராம், ஒரு விண்ணப்பம் போட்டால் உடனே நகருக்கு எடுப்பாராம். படிவத்தையும் கொடுத்தனுப்பியிருந்தார். மனைவி அதை வாசித்தாள். வாகரைக்குப் பதிலாளாக யார் வருவார் என்று கேட்டாள். "குருக்கள்மடத்துப் புள்ளதான்" என்றேன். அவள் படிவத்தை மடித்து என் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த கிழமைக்கு வேண்டிய எண்ணெயைப் போத்தலில் ஊற்றித் தந்தாள். மிச்ச இரண்டு வருடமும் வாகரையில் இருந்துதான் ஓய்வுபெற்றேன்.